ஸெனோஸ்: மேலே ஏறிப்போன மிருதங்கம்

லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் 2018இல் 'ஸெனோஸ்' நடனம் பார்க்கச் சீட்டு எடுத்தவர்கள் கொஞ்சம் முந்திப் போயிருக்க வேண்டும். சீட்டில் போட்டிருந்த நேரத்துக்கு இது தொடங்கவில்லை. சனம் இருக்கை தேடி உள்ளே வரும்போதே மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்து பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தார்கள். நானும் என் மருமகளும் போய்ச் சேர்ந்தபோது அரங்கில் பாதிப்பேர் எழுந்து வழிவிடுவதும் கதைப்பதுமாக இருந்தார்கள். அந்தச் சலசலப்புக்கு நடுவே ஒரு குரல் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நாங்கள் பேசாமல் போய் இருந்துவிட்டோம். பிறகு வருகிற ஒரு மணி நேரத்துக்கும் திறப்பு அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது.

'ஸெனோஸ்' அக்ரம் கானின் தனி ஆட்டம். முழுநீளத் தனி ஆட்டமாக இதுதான் கடைசி என்று அவரே அறிவித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 43. விம்பிள்டனில் வங்காளதேசக் குடும்பத்தில் பிறந்து, பிரதாப் பவாரிடம் வட இந்திய நடனமான கதக் பயின்று, பிறகு நவீன நடனத்துக்குப் போனவர். முதல் உலகப்போரின் நூற்றாண்டை ஒட்டி பிரித்தானியாவில் நடந்த '14-18 நவ்' கலைத் திட்டத்துக்காக இதைச் செய்திருக்கிறார். 2018 பெப்ரவரியில் ஏதென்ஸில் முதன்முதலாக மேடையேறியது. ஸெனோஸ் என்றால் கிரேக்கத்தில் அந்நியன். விருந்தாளி என்றும் பொருள் உண்டு. ஒரு கதக் ஆட்டக்காரன், தன் காலின் சலங்கை ஓயும் முன்பே பிரித்தானியப் படையின் சிப்பாயாகிப் பதுங்குகுழிக்குள் விழுகிறான். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

நான் இதை ஒரு நடன ரசிகனாக எழுதவில்லை. மிருதங்கக்காரனாக எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பயின்று, இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் அரங்கேற்றங்களுக்கு வாசித்து வருகிறேன். மேடையின் ஒரு ஓரத்தில், ஜமுக்காளத்தின் மேல், நட்டுவாங்கம், பாட்டு, வயலினுக்கு அடுத்தபடியாக என் இடம். அங்கிருந்து பிள்ளையின் பக்கவாட்டுத் தோற்றமும் காலும்தான் தெரியும். நானும் காலைத்தான் பார்ப்பேன். காலுக்கும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பது போல இருக்க வேண்டும். அது தளர்ந்தால் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சபையில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அந்தக் கயிறே இல்லாத மேடைகள் கூடிவிட்டன. சில வருடங்களுக்கு முன்பு ஒரு நடனப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு வாசிக்கக் கேட்டார்கள். ஒத்திகைக்கு இரண்டு தரம் போய் வந்த பிறகு, "பதிவு செய்த இசையே போதும், பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கம்" என்றார்கள். காசு மிச்சம், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அன்று சபையில் இருந்து பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளை தீர்மானத்தில் அரை அட்சரம் பிந்திவிட்டது. இசைத்தட்டு அதற்காக நிற்கவில்லை. உயிருள்ள ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சொல்லை இழுத்துப் பிள்ளையைத் தாளம் தொடங்கும் புள்ளியான சமத்தில் கொண்டுவந்து சேர்த்திருப்பார். அழுகையை அடக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை உள்ளே போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எனவே 'நேரடி இசையுடன் நவீன நடனம்' என்று எங்கே போட்டிருந்தாலும் நான் போய்ப் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த இசைக்காரர் மேடையில் எதற்காக இருக்கிறார்?

'ஸெனோஸ்' இந்தக் கேள்விக்கு நான் இதுவரை காணாத ஒரு பதிலைச் சொல்கிறது.

தொடக்கத்தில் மேடை ஒரு வீட்டு முற்றம் போல இருக்கிறது. கதிரைகள், மெத்தைகள், கயிறுகள், மேலே தொங்கும் மஞ்சள் மின்குமிழ்கள். ஆதித்ய பிரகாஷ் பாடுகிறார். பக்கத்தில் பெங்களூரைச் சேர்ந்த பி.சி. மஞ்சுநாத் மிருதங்கத்துடன். ஆதித்ய பிரகாஷ் லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த கர்நாடக இசைப் பாடகர். தாயார் விஜி பிரகாஷ் அங்கே பரதம் கற்பிப்பவர், அக்கா மைதிலி பிரகாஷும் பரதக் கலைஞர். ஆடுகிற வீட்டில் வளர்ந்த பாடகர் என்பது கேட்டவுடனேயே தெரிகிறது. அவர் தன் பாட்டைக் காட்டுவதற்காகப் பாடவில்லை. யாரோ வரப்போகிறார், அதுவரை இடத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது போலப் பாடுகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். மஞ்சுநாத் ஒரு கணக்கை வாயால் சொல்கிறார், உடனே அதையே கையால் சொல்கிறார். கலியாண வீட்டில் முதல்நாள் இரவு, சமையல் முடிந்த பிறகு, நாலு பேர் கூடி இருப்பார்களே, அந்த நெருக்கம்.

அப்புறம் மின்சாரம் தடுமாறுகிறது. குமிழ்கள் அணைகின்றன, சரசரக்கின்றன, திரும்ப எரிகின்றன. அக்ரம் கான் வெள்ளை உடையில் தடுக்கி விழுந்துகொண்டு மேடைக்கு வருகிறார்.

எங்கள் ஊரில் 90களில் மின்சாரமே இருந்ததில்லை. ஜாம் போத்தல் விளக்கில் சாதகம் செய்தவன் நான். மண்ணெண்ணெய் விலை ஏறியதால் சுடரைச் சிறிதாக்கி, தோலின் நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணை மங்கலாகத் தெரிகிற வெளிச்சத்தில் வாசிப்போம். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கை நிற்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் குமிழ்கள் அணைந்து எரிகிறபோதெல்லாம் மஞ்சுநாத்தின் கை என்ன செய்கிறது என்று என்னை அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முதல் பகுதியின் கதக்கைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கதக்குக்கு வழக்கமான துணை தபலாவும் பக்கவாஜும். 'தா தெய் தெய் தத்' என்று பாதம் தட்டையாகத் தரையில் அறைந்து போகும் தத்கார், ஒரே சொற்கட்டை மூன்று தரம் சொல்லிச் சமத்தில் வந்து விழும் திஹாய். இதற்கு மிருதங்கம் வாசிப்பதென்றால் வெறும் மொழிபெயர்ப்பு போதாது. தபலாவின் இடக்கை மேளமான பாயா வழுக்கிக்கொண்டு போகும். நம் தொப்பி ரவைப் பசை ஒட்டி அடங்கி, ஆழத்தில் நிற்கும். மஞ்சுநாத் அந்த ஆழத்தையே பயன்படுத்திக்கொண்டார். காலின் வேகத்தை வலப்பக்கமான வலந்தலையில் துரத்தாமல், தொப்பியில் ஒன்று விட்டு ஒன்று ஊன்றிக்கொடுத்தார். அக்ரம் கான் மேலே சுழல்கிறார், கீழே நிலம் நகராமல் இருக்கிறது. திஹாயும் நம் கோர்வையும் ஒரே ஆசையில் பிறந்தவை: எத்தனை தூரம் விலகினாலும் சமத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். பிசிறில்லாமல் வந்து விழுந்தது. என் மருமகள் தன் முழங்காலில் தட்டியது எனக்குக் கேட்டது.

இந்த இன்பத்தை நமக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பறிப்பதுதான் இந்தப் படைப்பின் வேலை.

விளக்கு போகிறது. பாடகரும் மிருதங்கக்காரரும் இடத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். மேடையின் பின்பாதி ஒரு செங்குத்தான சரிவு. மிரெல்லா வைன்கார்டனின் வடிவமைப்பு அது. கயிறுகள் இறுகுகின்றன. கதிரைகள், மெத்தைகள், சற்று முன்பு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த முற்றம் முழுவதும், தரையோடு இழுபட்டுச் சரிவில் ஏறி உச்சிக்கு அப்பால் விழுந்து மறைகிறது. ஒரு கை கூடத் தெரியாது. கயிறு மட்டும் இழுக்கும். வீடு போகிற சத்தம் அது. மரம் உரசுகிற சத்தம். மேடையில் மிஞ்சுவது மண்ணும் ஒரு மனிதனும்.

அதற்குப் பிறகு அவர் தன் சலங்கையை அவிழ்க்கிறார். இதைப் பரதம் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சலங்கை தோல் பட்டியில் வரிசையாகத் தைத்தது; வாரைக் கழற்றினால் பட்டியாகவே கையில் வரும். கதக்கின் குங்குரு அப்படியில்லை. நீளக் கயிற்றில் மணிகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு, அதைக் கணுக்காலில் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். அவிழ்த்தால் அது நீண்டுகொண்டே வரும். அக்ரம் கானின் கையில் அது முதலில் விலங்குச் சங்கிலியாகிறது. பிறகு தோளின் குறுக்கே போட்டால் தோட்டா வார். ஒரு பொருளையும் புதிதாகக் கொண்டுவரவில்லை. காலில் இருந்த இசையையே எடுத்து ஆயுதமாக்கி மார்பில் மாட்டிவிட்டார்கள். தாள வாத்தியம் வாசிக்கிறவன் ஒருவனால் அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட முடியாது.

சரி, இசைக்காரர்கள் எங்கே போனார்கள்?

இருட்டுக்குள் நெடுநேரம் ஒலி மட்டும் வருகிறது. பிறகு சரிவின் உச்சிக்கு மேல், அந்தரத்தில் மிதப்பது போல, ஐந்து பேர் ஒளியில் தோன்றுகிறார்கள். மைக்கேல் ஹல்ஸ் ஒளியமைப்பு. நீனா ஹாரிஸின் டபுள் பேஸ், டமார் ஆஸ்போர்னின் பாரிடோன் சாக்ஸபோன், ஒரு வயலின், கூடவே ஆதித்ய பிரகாஷும் மஞ்சுநாத்தும். சற்று முன்பு கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த அதே மிருதங்கம் இப்போது எட்டாத உயரத்தில் இருக்கிறது. கீழே குழிக்குள் ஒருவன் கம்பிச்சுருளை இழுத்துக்கொண்டு, சரிவில் ஏறுவதும் உருண்டு விழுவதுமாக இருக்கிறான். அவர்கள் அவனைப் பார்க்கிறார்களா, இல்லை அவன் நினைவுக்குள் இருக்கிறார்களா என்று சொல்லவே முடியாது. ஒளி போனால் அவர்களும் இல்லை.

இதுதான் அந்தக் கேள்விக்கான பதில். இசைக்காரர் மேடையில் இருப்பது ஆடுகிறவருக்குத் தாளம் தருவதற்கு மட்டுமல்ல. அவர் எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எப்போது காணாமல் போகிறார் என்பதே இங்கே கதை. பதிவு செய்த இசையால் இதைச் செய்யவே முடியாது. ஒலிபெருக்கி பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை.

நேரடி இசையும் நவீன நடனமும் லண்டனில் புதிதல்ல. சென்னையில் பிறந்த நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங் 1988இலேயே ஆங்கில இசையமைப்பாளர் மைக்கேல் நைமனிடம் பரதத்தின் தாளக் கணக்குகளைக் கொடுத்து இசை எழுதச் சொன்னார். நைமனின் இரண்டாவது நால்வர் தந்தி இசை அப்படித்தான் பிறந்தது. அதில் நம் கணக்கு மேற்கின் வயலினுக்குள் போய்க் குடியிருந்தது. 'ஸெனோஸ்' வேறு வழி. இங்கே ஒன்றுக்குள் ஒன்று கரையவில்லை. வின்சென்ஸோ லமான்யாவின் இசையமைப்பில் ஆதித்யாவின் குரல் ஒரு பக்கம் போகும், சாக்ஸபோன் அடிவயிற்றிலிருந்து உறுமும், நடுவில், தாளச் சொற்களை வாயால் சொல்லும் மஞ்சுநாத்தின் கொன்னக்கோல் வெட்டிக்கொண்டு வரும். கொன்னக்கோல் இத்தனை பயங்கரமாக ஒலிக்கும் என்று நான் நினைத்ததில்லை. தகதிமி தகஜொணு என்று நாம் மகிழ்ச்சியாகச் சொல்வதை, வாசிக்கக் கருவி இல்லாதவன் வாயால் சொல்கிற கடைசிச் சொற்களாக அவர் ஆக்கிவிட்டார்.

போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் உலகப்போர் என்றால் தமிழில் நமக்கு மிஞ்சியது 'எம்டன்' என்ற ஒரு சொல். 1914 செப்டெம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் மதராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தாங்கிகளை எரித்துவிட்டுப் போனது. கெட்டிக்காரனை, பொல்லாதவனை எம்டன் என்று சொல்கிற வழக்கம் அதோடு வந்தது. ஆனால் அந்தப் போரில் பிரித்தானியாவுக்காக இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணியாற்றினார்கள், 70,000க்கும் மேல் இறந்தார்கள் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகளுடன் பிரைட்டன் போனபோது, மொகலாய மாளிகை போன்ற அந்த ராயல் பவிலியனில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களை வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள் என்று தெரிந்து நின்றுவிட்டேன். அங்கே இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் எரித்தார்கள்; அந்த இடத்தில் 1921இல் சத்திரி என்ற, குடை போன்ற வெள்ளை நினைவு மண்டபம் ஒன்றை எழுப்பினார்கள். பிரான்சின் நவ் ஷப்பெல் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

அந்தப் பெயர்கள் மேடையில் வருகின்றன. சரிவின் மேல் ஒரு கிராமபோன். பெரிய குழல். அதிலிருந்து சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அக்ரம் கான் அதன் முன்னால் நிற்கிறார். பிறகு அந்தக் குழலே தேடுவிளக்காக மாறி, சுழன்று, அரங்கில் இருந்த எங்கள் எல்லோர் கண்ணிலும் அடித்துவிட்டுப் போகிறது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். ஒருவன் சுற்றுவான், நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்போம். பெயர்கள் வரும். சுற்றுகிற கை களைத்தால் குரல் இழுபட்டு, மங்கி, நின்றுவிடும். கிராமபோனிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கியதும் என் வலது கை தானாக இறுகியது. அருகில் இருந்த மருமகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் இங்கே பிறந்தவள். வீட்டுக் கொல்லையில் பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்ட பங்கருக்குள் மழைத்தண்ணீரில் முழங்கால் நனைய இருந்த கதையை நான் அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. அக்ரம் கான் மண்ணை அள்ளி முகத்தில் பூசுகிறபோது அந்த மண்ணின் வாசம் எனக்கு வந்தது. இரண்டாம் மாடி இருக்கைக்கு அது வந்திருக்க முடியாது. ஆனாலும் வந்தது.

எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. ஜோர்டன் டானஹில் எழுதிய வசனம் குறைவுதான். ஆனாலும் சில இடங்களில் அதுவும் கூடுதல். உடம்பு சொல்லி முடித்ததைக் குரல் திரும்ப வந்து சொல்கிறது. தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிய புரோமிதியஸ் பற்றிய கிரேக்கக் கதையின் நிழலும் பின்னால் ஓடுகிறது. நிகழ்ச்சிக் குறிப்பைப் படித்தால்தான் அது விளங்கும். படிக்காமல் பார்த்தாலும் ஒரு குறையும் இல்லை. வசனத்தில் தங்கியது ஒரே இடம்: இது போரே அல்ல, உலகத்தின் முடிவு என்ற வரி. காயப்பட்ட ஓர் இந்தியச் சிப்பாய் 1915இல் ஊருக்கு எழுதியது. சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்தானியத் தணிக்கையாளர்கள் பிரித்துப் படித்து மொழிபெயர்த்து வைத்ததால்தான் இந்த வரி நம் கைக்கு வந்தது. அதே கடிதம், நம் முன்னோரைப் பற்றிப் பாரதக் கதையில் சொல்லும் போர் போன்றது இது என்றும் சொல்கிறது. ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தில் சிறுவனாக நடித்தவர் அக்ரம் கான். முப்பது வருடம் கழித்து அவர் இந்தக் கடிதத்திடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

கடைசிப் பகுதியில் தந்தி வாத்தியங்களில் மோட்ஸார்ட்டின் இரங்கல் இசை வருகிறது. இந்த இடத்தை நான் பயத்துடன்தான் எதிர்கொண்டேன். எல்லாச் சாவையும் ஒரே அழகான மேற்கத்திய இசையால் மூடிவிடுவார்களோ என்று. அப்படி நடக்கவில்லை. அதன் மேல் ஆதித்யாவின் குரல் வந்து அமரவும் இல்லை, விலகவும் இல்லை. ஒப்பாரி வைக்கிற இடத்தில் ஊரார் ஒருவர் வந்து பேசாமல் திண்ணையில் இருப்பாரே, அப்படி இருந்தது. கீழே அக்ரம் கானின் சுழற்சி வேகம் குறைந்து, கைகள் மட்டும் மிஞ்சி, பிறகு சரிவின் மேலிருந்து பைன் காய்கள் நூற்றுக்கணக்கில் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றன. அவை உருண்ட சத்தத்துக்கு எந்தத் தாளமும் இல்லை. ஒரு மணி நேரம் கணக்குக் கேட்டுப் பழகிய காதுக்கு, கணக்கில்லாத அந்தச் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது.

இடைவேளை கிடையாது, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மேல்மாடி மலிவான இருக்கைக்காக நான் வருந்தவில்லை. சரிவின் முழு உயரமும் மண்ணில் விழுகிற தடமும் மேலிருந்துதான் சரியாகத் தெரிந்தன. காலையும் சலங்கையையும் கிட்டப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் கீழே எடுத்திருக்க வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிப்போக நான் சொல்லியிருக்க மாட்டேன். இருட்டும் வெடியோசையும் கடுமையானவை.

கைதட்டலின்போது ஐந்து பேரும் கீழே வந்து அக்ரம் கானுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் நின்று வணங்கினார்கள். அப்போதுதான் மருமகள் வாய் திறந்தாள்.

"மாமா, ஆட்டம் முடியும் மட்டும் அவையள் ஏன் திரும்பக் கீழ வரேல்லை?"

"வந்திருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான், பிள்ளை" என்றேன்.

ஏஞ்சல் நிலையம் வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தச் செப்டெம்பரில் அவளுக்கு அரங்கேற்றம். அணிசெய் (பக்கவாத்தியக்) கலைஞர்களை மேடையின் எந்தப் பக்கம் இருத்துவது என்று அவளுடைய ஆசிரியையும் நானும் இரண்டு மாதமாகப் பேசி வந்தோம். ரயில் வந்து நின்றபோது அவள் சொன்னாள், "மாமா, நீங்கள் ஓரத்தில இருக்க வேண்டாம். நான் திரும்பினா எனக்கு உங்கட கை தெரியோணும்." அதற்கு மேடையில் எத்தனை அடி வேண்டும் என்று வீடு வரும் வரை கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தோம்.